உயரத்தை விடுங்கள், எடையைப் பாருங்கள்

ஆல் வீல் டிரைவ் வேகன் வாங்கிய கையோடு அதை மலைக்கும் பாலைவனத்துக்கும் தயார் செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் படிக்கச் சொல்கிறேன். வெள்ளை ஸ்டிக்கர், நடுவில் மஞ்சள் பட்டை. ஏறும் ஆட்களும் ஏற்றும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் விற்கும் காரில் சட்டப்படி இந்த வரி இருந்தாக வேண்டும். என் சுபாரு அவுட்பேக்கில் அந்த எண் 900 பவுண்டு, அதாவது 408 கிலோ.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, நால்வரும் ஏறினாலே 260 கிலோ. மிச்சம் 148. யூட்டா பாலைவனத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். நால்வருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர், 45 கிலோ. மிச்சம் 103. வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரம் சாதாரணமாக 60 கிலோ வரும். மிச்சம் 43. வண்டி மின்சாரத்தில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ், உள்ளே இருக்கும் உணவோடு, 30 கிலோ. மிஞ்சிய 13 கிலோவுக்குள் அடுப்பு, கேஸ், குக்கர், அரிசி பருப்பு, போர்வை, உடுப்பு, மண்வெட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. வண்டிக்கு அடியில் மாட்டிய பாதுகாப்புத் தகடும், முன்னால் பொருத்திய விளக்குகளும், கூரைக் கம்பிகளும் இதே 408-க்குள்தான் வருகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

நான் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல், பிழைப்பும் அதில்தான். நம் ஊர்களிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். வந்த ஒன்றிரண்டு வருடத்தில் பனியைக் காரணம் காட்டி ஒரு சுபாரு வாங்குகிறார்கள், பிறகு வீடியோக்களைப் பார்க்கிறார்கள், பிறகு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். “அண்ணா, ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டா எங்க வேணும்னாலும் போகலாமாமே?” இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்களின் அப்பா அம்மாவும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். அந்த வண்டியின் பின் இருக்கையில் உட்காரப் போவது அவர்கள்தானே.

வேகன் என்பது காரின் தரையும், நீண்ட கூரையும், பின்னால் பெரிய டிக்கியும் கொண்ட வண்டி. அதில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்த கதை ஜப்பானில் தொடங்கியது. வடகிழக்கு ஜப்பானின் பனி மலைகளில் மின்கம்பிகளைப் பார்வையிடப் போகும் தொழிலாளர்களுக்கு, ஜீப்பைப் போல் உடம்பை உலுக்காத, ஹீட்டர் வைத்த, சாமான் ஏற்றக்கூடிய ஒரு வண்டி தேவைப்பட்டது. தொஹோகு மின் நிறுவனம் கேட்டது, சுபாரு செய்து பார்த்தது. 1972-இல் லியோன் எஸ்டேட் வேன் நான்கு சக்கர இழுவையோடு விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ஆடி குவாட்ரோ நான்கு சக்கர இழுவையோடு வந்து உலகம் வாய் பிளந்தது 1980-இல்தான். அமெரிக்காவின் ஏ.எம்.சி. ஈகிள் 1980 மாடலாக வந்தது. அவுட்பேக் என்ற பெயர் 1990-களின் நடுவில் சுபாருவின் லெகசி வேகனுக்கு ஒட்டப்பட்டது. 1996 மாடலில் அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே உள்ள உயரம், 7.3 அங்குலம். இன்று 8.7.

வேலைக்குப் போகிறவனைப் பத்திரமாகக் கொண்டுபோய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரவே பிறந்த வண்டி இது. அதைப் போலி லாரியாக மாற்றுவதில்தான் எனக்குச் சண்டை.

உயர்த்துவதை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் தலைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஒரு கட்டையைச் சொருகினால் வண்டி ஒன்றரை அங்குலமோ இரண்டு அங்குலமோ எழும்பும். அரை நாள் வேலை. பொருள் சில நூறு டாலர்தான். ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் மேலே போய்விட, சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆக்சில் இப்போது கூடுதல் சாய்வில் சுழல வேண்டும். அதன் இரு முனையிலும் உள்ள சி.வி. ஜாயின்ட்டுகள் அந்தச் சாய்வில் தேய்கின்றன, ரப்பர் உறை கிழிகிறது, கிரீஸ் தெறிக்கிறது, பிறகு திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வருகிறது. சக்கரங்களின் அலைன்மென்ட் மாறுகிறது. முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஐசைட் கேமராக்கள் இரண்டும் சாலையை ஒரு குறிப்பிட்ட உயரத்திலிருந்தும் கோணத்திலிருந்தும் பார்ப்பதற்காக அளவெடுக்கப்பட்டவை. சஸ்பென்ஷனை மாற்றினால் அவை சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று வண்டியோடு வரும் கையேடே எச்சரிக்கிறது. தானாக பிரேக் பிடித்து ஆளைக் காப்பாற்றும் ஏற்பாட்டை, வருடத்தில் சில நாள் போகும் மண் பாதைக்காகப் பணயம் வைக்கலாமா?

இதற்கு ஒரு சாட்சி தயாரித்தவர்களிடமே இருக்கிறது. கரடுமுரடான பாதைக்கென்றே அவர்கள் 2022 மாடலில் அவுட்பேக் வில்டர்னஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் கிளியரன்ஸ் 9.5 அங்குலம். சாதாரண அவுட்பேக்கைவிட 0.8 அங்குலம், சுமார் 20 மில்லிமீட்டர் மட்டும் கூடுதல். அதோடு ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள், கடைசி கியர் விகிதத்தை 4.44-க்கு ஏற்றினார்கள், மண் பாதைக்கான டயர் போட்டார்கள், முன் பம்பரின் தாடையைச் செதுக்கினார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தும் வசதி படைத்தவர்கள், 20 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டு மற்ற இடங்களில் உழைத்திருக்கிறார்கள். இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பம்பரைச் செதுக்கியதற்குக் காரணம் உண்டு. வேகன் பெரும்பாலும் நடுவயிற்றில் இடிபடுவதற்கு முன் மூக்கில்தான் இடிபடும். முன் சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் பகுதி அதிகம் என்பதால், செங்குத்தாக எழும் கல்லையோ ஓடைக்கரையையோ டயர் தொடுவதற்குள் பம்பர் தொட்டுவிடுகிறது. சாதாரண அவுட்பேக்கின் ஏறுகோணம் 18.6 டிகிரி, வில்டர்னஸில் 20. உண்மையான ஜீப் ஒன்றில் இது 40-ஐத் தாண்டும். இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் அந்த மூக்கு குட்டையாகிவிடாது. பள்ளத்தை நேராக எதிர்கொள்ளாமல் ஒரு சக்கரமாக, குறுக்காக இறக்கி ஏற்றத் தெரிந்தால் செலவே இல்லாமல் பாதித் தொல்லை தீரும். காரிலிருந்து இறங்கி நடந்துபோய்ப் பாதையைப் பார்க்கும் பழக்கம் அதைவிடப் பெரிய துணை.

அப்புறம், எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவுட்பேக்கின் இருக்கை உயரம் அவருக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கிறது. இடுப்பை வைத்தால் உட்கார்ந்துவிடலாம், ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு லாரியில் ஒரு தடவை ஏற்றிவிட நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. வேகனை உயர்த்துபவர்கள் தங்கள் அப்பா அம்மாவை எங்கே உட்கார வைக்கப் போகிறார்கள் என்று கேட்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

உயர்த்திய வண்டியின் மேல் கூடாரமும் தண்ணீரும் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துபோகிறது. கட்டை கொடுத்து வாங்கிய உயரத்தில் பெரும்பகுதியை எடை திரும்ப வாங்கிக்கொள்கிறது. கையில் மிஞ்சுவது தேயும் ஆக்சிலும் குறைந்த மைலேஜும்தான்.

சரி, காசை எதில்தான் போடுவது? தரையைத் தொடுவதில். டயர்தான் முதல், இரண்டாவது, மூன்றாவது.

அவுட்பேக்கோடு வரும் டயர் நெடுஞ்சாலைக்கானது. பக்கச் சுவர் மெல்லியது. கூரான கல் பக்கவாட்டில் உரசினால் கிழிந்துவிடும், அதை பஞ்சர் ஒட்டவும் முடியாது. அதே அளவில், உதாரணமாக 225/65 ஆர் 17-இல், கரடுமுரடான தரைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர்கள் கிடைக்கின்றன. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் அதன் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கடும் பனியில் சோதித்துத் தேறியது என்பதற்கு அந்தச் சின்னம்தான் அடையாளம். எங்கள் மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில், செப்டம்பரிலிருந்து மே முடிய, நான்கு சக்கர இழுவை இருந்தால் மட்டும் போதாது. டயரின் பள்ளம் குறைந்தது 3/16 அங்குலம், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நான்கு சக்கரமும் இழுத்தாலும் தரையைப் பிடிப்பது டயர்தான். பிரேக் பிடிக்கும்போது ஆல் வீல் டிரைவ் எந்த உதவியும் செய்வதில்லை.

காற்றைக் குறைக்கும் கலையை நம்மவர்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். 35 பி.எஸ்.ஐ. காற்றோடு கரடுமுரடான மண் பாதையில் ஓட்டினால் வண்டி கடகடவென்று ஆடும், டயர் வழுக்கும், கல் குத்தும். அதை 25-க்கு இறக்கிப் பாருங்கள். டயர் அகன்று நீண்டு தரையோடு படிந்து, கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி வருவதில்லை. மணலில் இன்னும் இறக்கலாம், ஆனால் இந்த வகை டயரை 15-க்குக் கீழே கொண்டுபோனால் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. கொலராடோவின் கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவில் வட அமெரிக்காவின் மிக உயரமான மணல்மேடுகள் இருக்கின்றன. அங்கே மெடானோ கணவாய்க்குப் போகும் மணல் பாதையில் காற்றை இறக்கிவிட்டுப் போகச் சொல்லும் பூங்கா நிர்வாகம், திரும்பி வருபவர்கள் மறுபடி நிரப்பிக்கொள்ள வெப்ப மாதங்களில் இலவசமாகக் காற்று வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் அந்த வசதி கிடையாது. ஆகவே காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்று வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுவது வேண்டாம், ஃபியூஸ் தாங்காது. பேட்டரி முனையில் நேராகக் கவ்வும் வகையாகப் பாருங்கள். தார் சாலை ஏறும் முன் 35-க்குத் திரும்ப ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஸ்டெப்னி பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான அவுட்பேக்குகளில் டிக்கித் தரைக்கு அடியில் இருப்பது சைக்கிள் டயர்போல் ஒல்லியான தற்காலிகச் சக்கரம். பக்கத்து ஊர் மெக்கானிக் கடை வரை மெதுவாக உருட்டிப்போக மட்டும்தான் அது. நூறு மைல் மண் பாதையின் நடுவில் அதை மாட்டுவது பெரிய ஆபத்து. ஆல் வீல் டிரைவில் நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. ஒன்று சிறிதானால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், நடுவிலிருக்கும் கிளட்ச் அந்த வித்தியாசத்தை இடைவிடாமல் சமாளித்துச் சூடேறி வீணாகும். முழு அளவு ஸ்டெப்னி ஒன்றை அதே டயரோடு வாங்கி, ஐந்தையும் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எல்லாம் சமமாகத் தேயும். இதற்கு ஆகும் செலவு, லிஃப்ட்டின் செலவைவிடக் குறைவு.

அதன் பிறகு எஞ்சினுக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடு. கம்பெனி போடும் பிளாஸ்டிக் உறை கல்லைத் தடுக்காது, எண்ணெய்த் தொட்டி உடைந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போட்டால் போதும். மேலும் கீழும் கவசம் பூட்டிக்கொண்டு போனால் மறுபடி எடைதான்.

கூரைக் கூடாரம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வில்டர்னஸின் கூரைக் கம்பி, வண்டி நிற்கும்போது 700 பவுண்டு தாங்கும். ஓடும்போது தாங்குவது 220 பவுண்டு மட்டும். மற்ற மாடல்களில் அதைவிடக் குறைவு. நின்றிருக்கும்போது உள்ள எண்ணை விளம்பரத்தில் பார்த்துவிட்டு, ஓடும்போது உள்ள எண்ணை மறந்துவிடுகிறார்கள். சுபாருவின் எஞ்சின் படுக்கைவாட்டில் அமைந்தது. எடை முழுவதும் தாழ இருப்பதால்தான் வளைவில் வண்டி தரையை விடாமல் திரும்புகிறது. 60 கிலோவைக் கூரையில் ஏற்றி அந்த நற்குணத்தை ஏன் கெடுக்க வேண்டும்? காற்றைக் கிழித்துப் போகும் உருவமும் கெட்டு, மைலேஜ் இறங்கும். 18.5 கேலன் டேங்க்கும் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 30 மைலுக்கு மேல் தரும் எஞ்சினும் சேர்ந்து, பெட்ரோல் பங்க் அரிதான தென்கிழக்கு யூட்டாவில் இந்த வண்டிக்கு ஒரு பெரிய பலம். அதை நாமே குறைத்துக்கொள்ளக் கூடாது.

பின் இருக்கையை மடக்கினால் ஆறடிக்கு மேல் நீளமான சமதளம் கிடைக்கிறது. ஒரு மெத்தையை விரித்தால் இருவர் தாராளமாகப் படுக்கலாம். அம்மாவும் மகளும் உள்ளே, நானும் மனைவியும் தரையில் மூன்று கிலோ எடையுள்ள சாதாரணக் கூடாரத்தில். ஜன்னலை இரு பக்கமும் விரலளவு திறந்து, கொசுவலை மாட்டுங்கள். மூச்சுக் காற்று கண்ணாடியில் வேர்த்துச் சொட்டாது. ஒன்றை மட்டும் உயிர்ப் பிரச்சினையாகச் சொல்கிறேன். எவ்வளவு குளிரானாலும் வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்குள்ளவர்களின் முகாம் சமையல் குறிப்புகளில் இது இருக்காது. 10,000 அடி உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் துவரம்பருப்பு லேசில் வேகாது, திறந்த பாத்திரத்தில் வைத்த சோறும் அரைவேக்காடாகவே நிற்கும். இரண்டு லிட்டர் அலுமினிய குக்கர் எடுத்துப் போங்கள், எடை குறைவு. பியூட்டேன் கேஸ் டப்பா பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே ஆவியாக மறுத்துவிடும். காலையில் காபி போடலாம் என்று போனால் அடுப்பு எரியாது. புரோபேன்தான் கைகொடுக்கும். சாப்பிட்டு முடித்ததும் மிச்ச சாம்பாரை வெளியே வைக்காதீர்கள். கொலராடோக் கரடிக்குக் கார் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்கத் தெரியும், காருக்குள் வைத்தாலும் கதவைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இனி, போகக் கூடாத இடங்கள். யூட்டாவின் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒயிட் ரிம் சாலை என்று சுமார் நூறு மைல் நீளமான பாதை இருக்கிறது. கார்களில், உயரமான, லோ ரேஞ்ச் கியர் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டுமே அங்கே அனுமதி. ஆல் வீல் டிரைவ் வண்டி, எவ்வளவு உயர்த்தியிருந்தாலும், லோ ரேஞ்ச் இல்லாவிட்டால் வரக் கூடாது என்பது பூங்காவின் விதி. வேகன் வைத்திருப்பவர்கள் பலருக்கு இதில் கோபம். அதே வண்டியில் போய் வந்தவர்களின் வீடியோவைக் காட்டி, அதிகாரிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

நான் பூங்காவின் பக்கம். லோ ரேஞ்ச் என்பது எஞ்சின் முழு வேகத்தில் சுழல, சக்கரம் நடை வேகத்தில் ஊர்வதற்கான தனிப் பல்சக்கரத் தொகுதி. செங்குத்துப் பாறையில் ஏறும்போது பலத்தையும், இறங்கும்போது பிரேக்கைத் தொடாமலே எஞ்சினால் வண்டியைப் பிடித்துவைக்கும் வசதியையும் தருவது அது. இன்றைய அவுட்பேக்கில் இருப்பது சி.வி.டி. என்ற, சங்கிலியும் கப்பியும் கொண்ட கியர்பாக்ஸ். எக்ஸ்-மோட் பொத்தானை அழுத்தினால், வழுக்கும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மற்ற சக்கரத்துக்குப் பலத்தை அனுப்பும். பனியிலும் தளர்ந்த மண்ணிலும் அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் நீண்ட ஏற்றத்தில், ஆழ்ந்த மணலில், மெதுவாக முக்கிக்கொண்டே போனால் எண்ணெய் சூடேறுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, நிறுத்தி ஆற விட வேண்டியதுதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறுகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பல நூறு அடிப் பள்ளம் இருக்கும் பாதையில் இவை இரண்டும் நடக்கக் கூடாத இடங்கள் நிறைய. அங்கிருந்து வண்டியை இழுத்து வெளியே கொண்டுவர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதைவிட, ஆளைக் காப்பாற்ற வருபவரின் உயிரும் கணக்கில் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் விற்ற சுபாரு ஜி.எல். வேகன்களில் லோ ரேஞ்ச் நெம்புகோல் இருந்தது. அதை எடுத்தது தயாரித்தவர்கள். கேட்பதானால் அவர்களிடம் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்: கூரைக் கம்பிக்கு இத்தனை விளம்பரம் செய்கிறவர்கள், வில்டர்னஸுக்கு ஒரு லோ ரேஞ்ச் கொடுக்கலாமே.

எந்த வண்டியும் தோற்கும் இடமும் ஒன்று உண்டு. யூட்டாவில் பெண்டோனைட் களிமண் கலந்த பாதைகள் ஏராளம். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரைபோல் இருக்கும், ஒரு மழை பெய்தால் டயரின் பள்ளங்கள் எல்லாம் நிறைந்து சக்கரம் வழவழப்பான உருளையாகிவிடும். அப்போது காய்வதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நாளைக்கான தண்ணீரும் உணவும் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு போட்டு இழுக்கும்போது, டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் ஒருபோதும் கயிற்றைக் கோக்காதீர்கள். விசையில் அது முறிந்து குண்டுபோல் பறந்துவந்து மனிதர்களைக் கொன்றிருக்கிறது. பம்பரில் திருகி மாட்டும் கொக்கி, வண்டியை மெல்ல இழுத்துப் போவதற்கானது, வெடுக்கென்று இழுப்பதற்கானதில்லை. மண்வெட்டி ஒன்றும், சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகை ஒரு ஜோடியும் இருந்தால் தனி ஆளாகவே பெரும்பாலும் மீண்டுவிடலாம்.

வேகனுக்கென்றே விரிந்து கிடக்கும் பாதைகள் என்னென்ன என்று கேட்டால் எனக்கு உற்சாகம் பிறந்துவிடும். கொலராடோவில் கோமோ ஊரிலிருந்து பிரெக்கன்ரிட்ஜ் வரை போகும் போரியஸ் கணவாய், 11,000 அடியைத் தாண்டும். 19-ஆம் நூற்றாண்டின் குறுகிய ரயில் பாதை கிடந்த தடத்தில் போட்ட மண் சாலை என்பதால், நீராவி எஞ்சின் ஏறக்கூடிய அதே இதமான சரிவு. செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது எங்கள் அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்த சாலை அது. யூட்டாவின் வேலி ஆஃப் த காட்ஸ் 17 மைல், சிவந்த மண், காய்ந்திருந்தால் எந்த மாற்றமும் செய்யாத வேகன் போதும். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். வனத்துறை, எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம் என்று வரைபடம் போட்டு இலவசமாகத் தருகிறது. அதில் இல்லாத தடத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள். யூட்டாவின் மோவாப் ஊர்ப் பக்கத்து மண்மேல் கறுப்பாக, முண்டு முண்டாக இருக்கும் பொருக்கு வெறும் மண் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மணலை இறுக்கிப் பிடித்திருக்கும் உயிருள்ள தோல். ஒரு டயர்த் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நம் ஊரிலிருந்து என் அக்கா மகன் இதே லிஃப்ட்டைக் கேட்டான். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்கு இடம் தருவதில்லை. பதிவுச் சான்றில் உள்ளதும் தயாரிப்பாளர் குறித்ததும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே அளவில் நல்ல டயர், முழு ஸ்டெப்னி, கம்ப்ரஸர், குறைந்த சாமான் என்று அவனுக்கு நான் சொன்ன எதையும் அந்தச் சட்டம் தொடவில்லை.

2026 மாடலில் அவுட்பேக் வேகன் உருவத்தைக் கைவிட்டு, நிமிர்ந்த பெட்டிபோன்ற எஸ்.யு.வி. ஆகிவிட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம். ஆகவே அவுட்பேக் வேகன்தான் வேண்டும் என்பவர்கள் இனிப் பழைய வண்டிதான் தேட வேண்டும். யாரோ உயர்த்தி ஓட்டிய வண்டி விற்பனைக்கு வந்தால், முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து ஆக்சிலின் ரப்பர் உறையைப் பாருங்கள், கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று. நான்கு டயரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று மாறினால் நடுக் கிளட்ச்சைச் சோதிக்காமல் முன்பணம் தராதீர்கள். கூரைக் கம்பியின் அடிப்பகுதியில் பெயின்ட் வெடித்திருந்தால் அதன்மேல் என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது வட்டமாகத் திருப்பி, டக் டக் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். கழற்றி வைத்த பழைய ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் அவர்களிடம் இருந்தால் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். திரும்ப மாட்டி அலைன்மென்ட் செய்யும் கூலியை விலையில் கழித்துக்கொள்ளலாம்.